பாணி எப்படிப் புளிக்கிறது?

ஒளிப்படம் படிக்கிற மாணவர்களை இரண்டாம் ஆண்டுக்குள் ஒரு கேள்வி பிடித்துக்கொள்கிறது: ‘என் பாணி என்ன?’ சிலர் அதற்குப் புது லென்ஸ் வாங்கிப் பார்க்கிறார்கள். இட்லி மாவைப் பார்த்தால் விஷயம் சீக்கிரம் புரியும்.

நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து. ஊறவைத்து, ஆட்டி, உப்புப் போட்டுக் கையால் கலந்து மூடிவைக்கிறோம். ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை. ஆனாலும் காலையில் பொங்கி நிற்கிறது. பொங்கவைக்கிற நுண்ணுயிர்கள் பெரும்பாலும் அந்த உளுந்தோடு வந்தவைதான். இரவு முழுக்கப் பெருகி, புளிப்பையும் காற்றையும் உண்டாக்குகின்றன. உளுந்தின் வழவழப்பு அந்தக் காற்றை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது.

பாணிக்கும் இதே கதைதான். ஒளிப்படக் கலைஞர் தயானிதா சிங் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மாணவியாக இருந்தபோது தபேலா மேதை ஜாகிர் உசேனைப் படமெடுக்கப் போனார். பிறகு குளிர்காலக் கச்சேரி சீசன் வந்தால் இசைக்கலைஞர்களோடு ஊர் ஊராகப் பயணம். அப்படி ஆறு குளிர்காலங்கள். ஊறுவது என்றால் இதுதான். அங்கே அவர் பார்த்தது ஓயாத சாதகத்தை. ஜாகிரைத் தன் முதல் குரு என்றே சொல்வார். அந்தப் படங்கள் 1986இல் புத்தகமாயின.

அதன்பின் நியூயார்க்கில் படிப்பு, வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு வேலை. அந்தப் பத்திரிகைகள் கேட்ட இந்தியா ஏற்கெனவே அச்சில் வார்த்த இந்தியா. அலுத்துப்போய் விலகினார். இன்று அவர் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வருவது தனிப் படம் அல்ல, புத்தகம். 2008இல் வந்த ‘சென்ட் எ லெட்டர்’ விசிறிபோல் மடித்த ஏழு சின்னப் புத்தகங்கள். விரித்து அலமாரியில் நிறுத்தினால் அதுவே கண்காட்சி. 2022இல் ஒளிப்படத்துக்கான ஹாசல்பிளாட் விருது. இடையில், 2019இல், ஜாகிர் புத்தகத்துக்காக மாணவியாய்க் கையால் செய்த மாதிரிப் பிரதியை அப்படியே அச்சிட்டு வெளியிட்டார்கள். புத்தகம் கட்டுகிற அந்தக் கை முதல் நாளே உளுந்தில் இருந்திருக்கிறது. அவருக்கே அது அன்று தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பொறுக்க முடியாதவர்களுக்கு ஆப்பசோடா இருக்கிறது. படத்தில் அதன் பெயர் பிரீசெட், ஒரே சொடுக்கில் பூசுகிற தயார்த் தோற்றம். மாவு உப்பிவிடும், புளிப்பு மட்டும் வராது. ஊட்டிக் குளிரில் மாவு பொங்கத் தாமதமானால் அடுப்புப் பக்கம் வைப்போமே, அந்தச் சூடு வேறு. படத்தில் அது ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது, தயவு பார்க்காமல் பேசுகிற ஒரு ஆசிரியர்.

பொங்கிவிட்டதா என்று பார்ப்பது எப்படி? படங்களைச் சின்னதாகப் பிரிண்ட் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஒளிப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்க் அமெரிக்காவைச் சுற்றி எடுத்த சுமார் 27,000 ஃபிரேம்களில் ஆயிரத்தை இப்படிப் பிரிண்ட் போட்டுப் பார்த்துத்தான் 83 படங்களில் வந்து நின்றார். நல்ல படம் எது என்று தேட வேண்டாம். ஆட்களிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள், கேமரா எந்த உயரத்தில் இருக்கிறது, ஓரத்தில் எதைத் தெரியாமலே வெட்டிவிடுகிறீர்கள்? திட்டமிடாமல் திரும்பத் திரும்ப வருவது எதுவோ, அதுதான் புளிப்பு.

இன்னொரு ஒளிப்படக் கலைஞர் கேரி வினோகிராண்ட், எடுத்த ஃபிலிமைக் கழுவாமல் ஓராண்டுக்கு மேலும் வைத்திருப்பார். எடுத்த நேரத்து மகிழ்ச்சி தேர்வில் கலந்துவிடக் கூடாதாம். நல்ல கணக்குதான், ஆனால் மாவைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 1984இல் அவர் இறந்தபோது கழுவாத படச்சுருள்கள் சுமார் 2,500 இருந்தன. மற்றவர்கள்தான் கழுவிப் பார்த்தார்கள். 1988இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அதன் ஒளிப்படப் பிரிவின் இயக்குநர் ஜான் சார்கோவ்ஸ்கி அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த படங்களையும் மாட்டினார். அந்தத் தேர்வில் வினோகிராண்ட் எவ்வளவு, சார்கோவ்ஸ்கி எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இனி ஆளில்லை.