திரும்பிவந்த வளவில் முதற் பொங்கல்

1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள், பொங்கலைக் கைவிடவில்லை. யாழ்ப்பாணத்து நலன்புரி முகாம்களிலும், கடல் கடந்து தமிழ்நாட்டு முகாம்களிலும், கிடைத்த இடத்தில் மூன்று கல் வைத்துப் பொங்கினார்கள். இப்போது சொந்த வளவுக்குத் திரும்பும் உங்களுக்குச் சில விளக்கங்கள்.

அங்கும் இங்கும்

தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பொங்கல் என்றால் போகியில் தொடங்கிப் பல நாள் விடுமுறை. இலங்கையில் தைப்பொங்கலன்று மட்டுமே பொது விடுமுறை. மறுநாள் மாடுகளுக்குப் பொங்குவதை இங்கு பட்டிப்பொங்கல் என்போம். சித்திரை வருடப்பிறப்பில் மருத்துநீர் வைத்து முழுகுவதும், பெரியவர்களிடம் கைவிசேடம் வாங்குவதும் பிள்ளைகளுக்குப் புதிதாக இருக்கலாம். ஆடி முதலாம் நாள் ஆடிப்பிறப்பு. வறுத்த அரிசிமா, பயறு, தேங்காய்ச் சொட்டு, பனங்கட்டி சேர்த்துக் கூழ் காய்ச்சி, கொழுக்கட்டையும் அவிப்போம். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பாடிய நாள் இதுதான்.

அடுப்பு மூட்டுமுன்

பொங்கல் முற்றத்தில்தான் பொங்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஆனால் நீண்டகாலம் மூடிக்கிடந்த காணியில் மண்ணுக்குக் கீழே வெடிபொருள் இருக்கலாம். மேலே மூட்டும் நெருப்பின் சூடே அதை வெடிக்கச் செய்யலாம். ஆகவே:

• கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று உறுதிசெய்யப்படாத காணியில் அடுப்பு வெட்டவோ நெருப்பு மூட்டவோ வேண்டாம்.
• போகியன்று பழையவற்றை எரித்துப் பழகிய பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லுங்கள். பற்றை, குப்பைகளையும் எரிக்கவேண்டாம்.
• விறகு, பொச்சு, பாளை தேடிப் பற்றைக்குள் போகவேண்டாம்.
• சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ 119 இலக்கத்தில் பொலிசாருக்கோ அறிவியுங்கள்.
• பாவிக்காமல் கிடந்த கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, குளோரின் இடுவித்த பின்னரே அந்த நீரில் சமையுங்கள்.

உங்கள் காணிக்கு உறுதி கிடைக்கவில்லையா? இம்முறை கோவில் வீதியிலோ உறவினர் முற்றத்திலோ சேர்ந்து பொங்கலாம். அயலில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று அறியவும் அது உதவும்.

பிள்ளைகளுக்கு

முகாமில் பழகியதைத் தவறென்று சொல்லவேண்டாம். அவர்களுக்குத் தெரிந்த கோலத்தை முற்றத்தில் போடட்டும். பானையில் முதற்பிடி அரிசியையும் அவர்களே இடட்டும். இது தங்கள் வீடு என்று உணர அவர்களுக்குச் சிறிது காலம் எடுக்கும்.