வளைந்த அச்சை நெருப்பில் நிமிர்த்தலாமா?

சுமை ஏற்றிய பழைய லாரியின் முன்சக்கரம் இரவில் பெரும் பள்ளம் ஒன்றில் இறங்கி ஏறுகிறது. வண்டி ஓடத்தான் செய்கிறது. ஆனால் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கிறது. முன் டயர்களில் ஒன்று மட்டும் ஓர் ஓரத்தில் மழமழவென்று தேய்கிறது. பட்டறையில் இரண்டு கிங் பின் துளைகளுக்கும் குறுக்கே நூல் பிடித்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். முன் அச்சு வளைந்திருக்கிறது.

சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கலும் புதிதல்ல, அதற்குச் சொல்லப்படும் மலிவான வழியும் புதிதல்ல: கேஸ் சுடரில் சிவக்கக் காய்ச்சி நிமிர்த்திவிடலாம். நிமிர்த்தியபின் நூலும் நேராகக் காட்டும், வீல் அலைன்மென்ட் கருவியும் சரி என்று சொல்லும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. நேராக இருப்பது வேறு, உறுதியாக இருப்பது வேறு.

லாரியின் முன் அச்சு வார்த்தெடுத்த பொருள் அல்ல. பழுக்கக் காய்ச்சிய உருக்கை ராட்சத எந்திரங்களில் அடித்து உருவாக்குகிறார்கள். புனேயின் பாரத் ஃபோர்ஜ் இந்த வேலைக்குப் பேர்போனது. அதன்பின் சுமார் 850 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றி, எண்ணெய் போன்ற திரவத்தில் சட்டெனக் குளிரவைத்து, மறுபடி 600 டிகிரியை ஒட்டிய சூட்டில் வைத்துப் பதமேற்றுவார்கள். அச்சின் வலிமை இந்தப் பதத்தில் இருக்கிறது. 2018 வரை நம் நாட்டில் இரண்டு அச்சு லாரிக்கு அனுமதித்த மொத்த எடை 16.2 டன், அதில் முன் அச்சின் பங்கு 6 டன். பிரேக் பிடித்தால் அந்தச் சுமை இன்னும் கூடும்.

கேஸ் சுடரில் சிவந்த இடத்தில் பதம் போய்விடுகிறது. தானாக ஆறினால் அந்த இடம் மென்மையாகும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் கடினமாகி, எளிதில் விரிசல் விடும் தன்மை வந்துவிடும். இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. பாரம் ஏறும்போது உருக்கு எவ்வளவு வளைந்து மீளும் என்பதைத் தீர்மானிக்கும் எண் சுமார் 200 கிகாபாஸ்கல். பதம் இருந்தாலும் போனாலும் அது பெரிதாக மாறுவதில்லை. அதனால் வழக்கமான ஓட்டத்தில் நல்ல அச்சும் கெட்ட அச்சும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். ஓட்டுநரின் கைக்கு வித்தியாசம் தெரியாது. அடுத்த பெரிய பள்ளத்தில்தான் தெரியவரும்.

விரிசல் இன்னொரு கவலை; அது மெல்ல வளர்ந்து அச்சையே முறித்துவிடும். 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்தது. பெட்டிகள் மோதித் தீப்பிடித்ததில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடலோடி துமோன் துர்வில் குடும்பத்தோடு இறந்தார். பின்னர் ஜெர்மன் ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர், ஒரே தடவையில் முறிக்காத பாரமும் லட்சக்கணக்கான முறை மாறி மாறி விழுந்தால் உருக்கை முறித்துவிடும் என்று சோதனைகளால் நிறுவினார். அப்படி ஒடிந்த அச்சின் முகத்தில் விரிசல் மெல்ல நகர்ந்த பகுதி வழவழப்பாகவும், கடைசியில் ஒடிந்த பகுதி சொரசொரப்பாகவும் இருக்கும்.

விரிசலைக் கண்டுபிடிக்கப் பட்டறைகளில் பழைய முறை ஒன்று உண்டு. அச்சைச் சுத்தம் செய்து மண்ணெண்ணெய் பூசி, நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூள் தடவுவார்கள். விரிசலுக்குள் ஒளிந்த எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். காந்தமேற்றி இரும்புத் துகள் தூவும் சோதனை இன்னும் நுட்பமானது. விரிசல் இருக்கும் இடத்தில் துகள்கள் வரிசையாகத் திரண்டுவிடும். விரிசல் கண்ட அச்சை வெல்டிங் வைத்து ஓட்டவே கூடாது.

அப்படியானால் நிமிர்த்தவே முடியாதா? வளைவு மிகச் சிறிதாக இருந்து, தயாரிப்பாளரின் கையேடும் அனுமதித்தால், சூடு காட்டாமல் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் நிமிர்த்தலாம். பிறகு விரிசல் சோதனை கட்டாயம். வரம்பைத் தாண்டிய வளைவுக்கு அச்சை மாற்றுவதே வழி. அதே அடியை ஸ்டப் ஆக்சிலும் டை ராடும் வாங்கியிருக்கும்; அவற்றையும் சோதிக்க வேண்டும். அச்சை வில் பட்டையோடு பிணைக்கும் பழைய யு போல்ட் ஒருமுறை இறுகி நீண்டுவிட்டது, புதிதுதான் போட வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி முடுக்க வேண்டும். அச்சுக்கும் வில் பட்டைக்கும் நடுவே ஆப்புத் தகடு இருந்தால், கழற்றும்போதே அது பார்த்திருந்த திசையைக் குறித்துவைப்பது நல்லது. திருப்பிப் போட்டால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது.

கழற்றிய அச்சைக் காயலான் கடைக்கு முழுசாகக் கொடுக்கக் கூடாது. கேஸ் கட்டரால் இரண்டாக வெட்டிக் கொடுத்தால், யாரோ அதை நிமிர்த்தி இன்னொரு லாரியில் மாட்ட வழியிருக்காது.