பவர் சரி, பார்வை ஏன் சரியில்லை?

ராமேசுவரத்தில் காலையில் டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குள் போகும் விசைப்படகுகள் மறுநாள் காலையில்தான் கரை சேரும். பகலெல்லாம் கண்ணைக் கூசவைக்கும் வெயில்; இரவில் கும்மிருட்டுக்கு நடுவே அடுத்த படகின் விளக்கு. கரையில் எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை படித்துவிடுகிறவருக்கே அந்த விளக்கு சிதறியும், சுற்றி வளையம் கட்டியும் தெரிவதுண்டு. கண்ணாடிக் கடையில் மறுபடி சோதித்தால் பவர் மாறியிருக்காது. சில குறைகள் கண்ணாடிச் சீட்டில் ஏறுவதே இல்லை. ஆனால் அவற்றையும் அளக்க முடியும்.

சீட்டில் அடங்காதவை

கண்ணாடிச் சீட்டில் ஒரு கண்ணுக்கு முக்கியமாக மூன்று எண்கள்: ஸ்பியர், சிலிண்டர், ஆக்சிஸ். கிட்டப்பார்வையும் தூரப்பார்வையும், கருவிழியின் வளைவு திசைக்குத் திசை மாறுவதால் வரும் மங்கலும் இவற்றில் அடங்கிவிடும். பார்வைக் குறையில் பெரும்பங்கு இவைதான்.

மீதி நுண்குறைகள். ‘கோமா’ இருந்தால் ஒளிப்புள்ளி ஒரு பக்கமாக வால் இழுத்துத் தெரியும். ‘ஸ்பெரிகல் அபரேஷன்’ இருந்தால் கண்மணியின் ஓரமாக நுழையும் ஒளியும் நடுவில் நுழையும் ஒளியும் ஒரே இடத்தில் குவியாமல், விளக்கைச் சுற்றி வளையம் கட்டும். இவை கொஞ்சமும் இல்லாத கண் கிடையாது.

நல்ல வெளிச்சத்தில் கண்மணி 2-3 மி.மீ. அளவுக்குச் சுருங்கி, ஓரத்துக் குறைகளை மறைத்துவிடுகிறது. இருட்டில் இளவயதினருக்கு 6-7 மி.மீ. வரைகூட விரியும். பகலில் தலைகாட்டாத குறை இரவில் வெளிப்படுவது இதனால்தான்.

கடற்கரையில் கூடுதல் காரணம்

ராமநாதபுரம் கடலோரத்தில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. பாம்பன் அருகே சின்னப்பாலத்துப் பெண்கள் கடற்பாசி எடுக்க மணிக்கணக்கில் கடலில் நிற்கிறார்கள். வாலிநோக்கம் உப்பளங்களில் வெள்ளை உப்பின்மேல் பட்டுத் தெறிக்கும் வெயிலிலேயே நாள் முழுக்க வேலை. புற ஊதாக் கதிர்களில் உலர்ந்த கடல்மணல் சுமார் 15 சதவீதத்தையும், கடல்நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால் தலையில் துண்டு போட்டாலும் கீழிருந்து வரும் கதிர் கண்ணில் படும்.

இப்படி ஆண்டுக்கணக்கில் வெயிலும் காற்றும் பட்டால் வெள்ளை விழியிலிருந்து, பெரும்பாலும் மூக்குப் பக்கமாக, ஒரு சதை கருவிழிமேல் படரலாம். ‘டெரிஜியம்’ எனப்படும் இது கண்மணியை மறைக்கும் முன்பே கருவிழியின் வளைவைக் கெடுத்து, சிலிண்டர் பவரையும் நுண்குறைகளையும் கூட்டிவிடும்.

தொலைநோக்கி தந்த உத்தி

கண்ணின் நுண்குறைகளை அளக்கும் உத்தி வானியலாளர்களிடமிருந்து வந்தது. ஜெர்மானிய வானியலாளர் யோகன்னஸ் ஹார்ட்மன் 1900-ஆம் ஆண்டுவாக்கில் துளையிட்ட தகடு ஒன்றை வைத்துத் தொலைநோக்கிகளைச் சோதித்தார். 1971-இல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் ஷேக்கும் பென் பிளாட்டும் துளைகளுக்குப் பதிலாகக் குட்டி வில்லைகளைப் பதித்தார்கள். 1994-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் லியாங், பில்லே உள்ளிட்டோர் அதே முறையில் மனிதக் கண்ணை அளந்து காட்டினார்கள்.

இப்படி அளக்கும் கருவிதான் ‘அபரோமீட்டர்’. நோயாளி அதன் தாங்கியில் தாடையை வைத்து உள்ளே தெரியும் படத்தைப் பார்த்தால் போதும். மெல்லிய அகச்சிவப்புக் கதிர் விழித்திரையில் பட்டுத் திரும்பி, வரிசை வரிசையான குட்டி வில்லைகள் வழியாக வெளிவரும். ஒவ்வொரு வில்லையும் ஒரு புள்ளி வைக்கும். குறையற்ற கண் என்றால் அவை கோலப் புள்ளிகளைப் போல ஒரே சீராக விழும். குறை இருந்தால் இடம் பிசகும். எந்தப் புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்பதிலிருந்து கண்ணின் குறை மைக்ரான் கணக்கில் தெரிந்துவிடும். வலி கிடையாது, சில நொடி வேலை.

கிராமத்தில் ஒரு சோதனை

பெரிய மருத்துவமனைகளில் மட்டும் இருந்த இந்த நுட்பம் கைக்கருவிக்குள் வந்தபோது, அதைக் கிராமத்து மக்களிடம் சோதித்துப் பார்த்ததில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பங்குண்டு. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய மருத்துவமனை அது. 708 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2019-இல் வெளியானது. குறைந்த பயிற்சி பெற்ற ஒருவர் விலை குறைந்த கருவியால் எடுத்த பவரும், அனுபவமுள்ள பரிசோதகர் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுக் கண்ட பவரும் ஒப்பிடப்பட்டன. இரண்டுக்கும் சராசரி வித்தியாசம் எழுத்துப் பலகையில் ஒரே ஓர் எழுத்து. 42 சதவீதத்தினர் பரிசோதகரின் பவரையும், 33 சதவீதத்தினர் கருவியின் பவரையும் விரும்பினார்கள். மற்றவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கண் மருத்துவர் இல்லாத ஊர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் அங்கே கருவி தந்தது கண்ணாடிக்கான எண்களை. நுண்குறைகளின் முழு வரைபடத்துக்கு அபரோமீட்டர் உள்ள மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். முற்றிய கண்புரை ஒளியை மறித்தால் எந்தக் கருவியும் அளக்கத் திணறும்.

தீர்வு யாருக்கு எது?

சாதாரணக் கண்ணாடியால் நுண்குறைகளைச் சரிசெய்ய முடியாது. கண் அசையும்போது கண்ணாடி கூடவே அசைவதில்லை. கூம்புபோல் பிதுங்கும் ‘கெரட்டோகோனஸ்’ கருவிழிக்கு வாயு ஊடுருவும் கடின கான்டாக்ட் லென்ஸ் உதவும். அளந்த வரைபடத்தை வைத்தே கருவிழியைச் செதுக்கும் லேசிக் சிகிச்சைக்கு அமெரிக்கா 2002-இல் அனுமதி அளித்தது; இப்போது தமிழக நகரங்களிலும் கிடைக்கிறது. கருவிழி மெலிந்தவர்களுக்கு அது ஏற்றதல்ல.

கடலோர மக்கள் கவனிக்க வேண்டியவை

இரவில் விளக்கு சிதறுகிறது, ஒற்றைக் கண்ணிலேயே உருவம் இரட்டையாகத் தெரிகிறது, கண்ணாடிப் பவர் அடிக்கடி மாறுகிறது என்றால் கடையில் பவர் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல் கண் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வேலை நேரத்தில் அகன்ற விளிம்புத் தொப்பியும், புற ஊதாக் கதிரை முழுதாகத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடியும் அவசியம்.

டெரிஜியம் சதையை அகற்றினால் கருவிழியின் வளைவு மாறும். அது நிலைபெறச் சில வாரங்கள் ஆகும். புதுக் கண்ணாடியை அதன் பிறகே வாங்க வேண்டும். கண்புரையும் சேர்ந்திருந்தால், பெரிய சதையை முதலில் எடுத்து, வளைவு நிலைபெற்றபின் உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடுவதே பல மருத்துவர்களின் வழக்கம்.