அம்மாவுக்கும் ஒரு வேலை வேண்டும்!



அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரிலிருந்து எழுதுகிறேன். என் கணவர் இங்கே ஒரு ஓட்டலில் சமையல்காரர். நான் பத்தாவது வரை படித்தவள். வந்த புதிதில் இங்கத்திய ஆங்கிலம் எனக்கு ஒரு மண்ணும் புரியாது. "யெஸ்", "நோ", "தேங்க்யூ" மூன்றையும் வைத்துக்கொண்டே ஒரு வருடத்தை ஓட்டினேன் என்றால் பாருங்களேன்!

பக்கத்து வீட்டில் ஓர் அம்மா. வயது எண்பதை நெருங்குகிறது, தனியாக இருக்கிறார். ஒருநாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து, "டி.வி. பார்த்தால் ஆங்கிலம் வரும். ஆனால் நல்ல டி.வி.யாகப் பார்க்க வேண்டும்" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அப்படி அவர் எனக்கு அறிமுகப்படுத்தியதுதான் 'த வால்டன்ஸ்' என்ற பழைய குடும்பத் தொடர். அவரிடம் எல்லாமே டி.வி.டி.யாக இருக்கிறது. அடியில் எழுத்து ஓடும்படி போட்டுவிடுவார். எழுத்துக்கூட்டிப் படித்தே நான் பாதி ஆங்கிலம் கற்றுக்கொண்டேன்.

இந்தத் தொடரின் கதை நடப்பது இதே வர்ஜீனியா மலைப்பக்கம்தான். 1930-களில் அமெரிக்காவில் பெரிய பஞ்ச காலம். 1933-இல் வேலைக்குப் போகிறவர்களில் நாலு பேருக்கு ஒருவருக்கு வேலை இல்லையாம். அந்த நேரத்தில் மரம் அறுக்கும் ஆலை வைத்திருக்கும் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, ஏழு பிள்ளைகள், எல்லாரும் ஒரே கூரையில்! "அமெரிக்காவில் கூட்டுக் குடும்பமா?" என்று நான் வாயைப் பிளந்தேன். ஒரே மேஜையில் பதினோரு பேர் சாப்பிடுவார்கள். மாமியார் சமையலில் குறை சொல்வார், மருமகள் பல்லைக் கடித்துக்கொள்வார். நம்ம வீடேதான் போங்கள்!

1972 முதல் 1981 வரை ஒன்பது சீசன்கள் ஓடியது. ஆனால் விதை போட்டது ஒரு கிறிஸ்துமஸ் படம். 1971 டிசம்பரில் 'த ஹோம்கமிங்' என்று டி.வி.க்காக எடுத்த படம் அது. ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போக, அடுத்த வருடமே தொடராக்கிவிட்டார்கள்.

1933 கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி. வெளியூரில் வேலை பார்க்கும் அப்பா வர வேண்டும், வரவில்லை. பஸ் விபத்து என்று ரேடியோவில் செய்தி. வெளியே பனி. அம்மா மூத்த பையன் ஜான்-பாயைத் தேடி அனுப்புகிறாள். அவன் கறுப்பின மக்களின் கோயிலுக்குப் போகிறான். இரண்டு வயதான அக்கா தங்கச்சி வீட்டுக்கும் போகிறான். அந்த இரண்டு கிழவிகளும் செத்துப்போன அப்பாவின் 'கைப்பக்குவம்' என்று சொல்லி, ஏதோ கஷாயம் மாதிரி வீட்டிலேயே சாராயம் காய்ச்சுகிறவர்கள். அதைச் சாராயம் என்று மட்டும் அவர்கள் வாயால் சொல்லவே மாட்டார்கள்! அப்பா எங்குமே கிடைக்காமல் பையன் வீடு திரும்புகிறான். கடைசியில் அவரே வந்து சேருகிறார். எழுத்தாளனாக ஆசைப்பட்டு, எழுதுவதை வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்திருந்த மகனுக்கு அவர் வாங்கி வந்த பரிசு என்ன தெரியுமா? எழுதுகிற நோட்டுகள்! அந்த இடத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிடும்.

இதை எழுதிய ஏர்ல் ஹாம்னர் என்பவருக்கு இது சொந்தக் கதை. ஸ்கைலர் என்ற சின்ன ஊரில் 1923-இல் பிறந்தவர். கல் குவாரி வேலை போனபின் அவருடைய அப்பா வேய்ன்ஸ்பரோ ஊரில் ஆலை வேலைக்குப் போய், வார முடிவில்தான் வீடு திரும்புவாராம். பஸ்ஸை விட்டு இறங்கி ஆறு மைல் நடக்க வேண்டும். 1933 கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி பனியில் அவர் வரத் தாமதமானபோது பத்து வயதுப் பையன் பட்ட கவலைதான் பிற்பாடு கதையானது. தொடரில் பின்னணியில் கதை சொல்லும் குரலும் அவருடையதே. 2016-இல் காலமானார்.

ஒருமுறை பக்கத்து வீட்டம்மாவோடு நானும் ஸ்கைலருக்குப் போயிருந்தேன். ஊரின் பழைய பள்ளிக்கூடத்தில் 1992-இல் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். டி.வி.யில் வரும் சமையலறை, ஜான்-பாயின் அறை, ஊர்க் கடை எல்லாம் அச்சு அசலாக வைத்திருக்கிறார்கள். ஹாம்னர் வளர்ந்த வீடும் பக்கத்திலேயே இருக்கிறது. வந்திருந்த பெண்கள் அந்த அடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், நாம் கோயில் தூணைத் தொட்டுக் கும்பிடுவதைப்போல.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரியும் பக்கத்து வீட்டில் ஐந்தாறு பெண்கள் கூடி 'ஹோம்கமிங்' பார்ப்பது வழக்கம். அந்தப் படத்து அம்மா செய்யும் ஆப்பிள் கேக்கை இவரும் செய்வார். ஆப்பிளை வேகவைத்து மசித்து, பட்டை, கிராம்பு, வால்நட் போட்டது. நான் என் பங்குக்கு முறுக்கு கொண்டுபோவேன். கேக்குக்கும் முறுக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், இரண்டும் காலியாகிவிடும்!

வருடா வருடம் ஒரு சண்டையும் உண்டு. படத்தில் அம்மாவாக நடித்தவர் பாட்ரீஷியா நீல். தொடரில் மைக்கேல் லெர்னட் (பெயர்தான் மைக்கேல், ஆள் பெண்தான்). யார் நல்ல அம்மா என்று இரண்டு கட்சி. ஆனால் பாட்டி விஷயத்தில் ஒரே கட்சி! படத்திலும் தொடரிலும் பாட்டி எலன் கார்பிதான். சிடுசிடுப்பும் பாசமும் கலந்த அந்தப் பாட்டிக்காக எம்மி விருதை மூன்று முறை வாங்கியவர்.

இனிமேல்தான் என் கதை.

2023 ஆகஸ்டில் அருப்புக்கோட்டையில் என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்துவிட்டார், ஆனால் வலது கையும் பேச்சும் போய்விட்டது. "வா", "ம்" இரண்டுதான் வாயில் வந்தது. அண்ணனும் மதினியும் தங்கமாகப் பார்த்துக்கொண்டார்கள். மதினி அம்மாவை ஒரு துரும்பையும் எடுக்க விட மாட்டார். கட்டிலிலேயே சாப்பாடு, கட்டிலிலேயே டி.வி. "அத்தை, நீங்க செஞ்சதெல்லாம் போதும். சும்மா இருங்க" என்பார். ஆனாலும் வீடியோவில் பேசும்போதெல்லாம் அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். சாப்பாடும் குறைந்துபோனது. "எதுல குறை வெச்சேன்னே தெரியலையே" என்று மதினி அழ, இங்கே நான் அழ... லீவு கிடைக்கவில்லை, டிக்கெட்டுக்குப் பணமும் இல்லை. என்னதான் செய்வது?

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் போகவில்லை. முறுக்கும் சுடவில்லை. பக்கத்து வீட்டம்மாவே வந்து கதவைத் தட்டினார். விஷயத்தைச் சொன்னேன். கையைப் பிடித்து அழைத்துப்போய், "இன்றைக்கு ஹோம்கமிங் அப்புறம். முதலில் பாட்டி வீட்டுக்கு வரும் கதையைப் பார்ப்போம்" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு வேறொரு டி.வி.டி.யைப் போட்டார்.

அப்போதுதான் எனக்கு அந்த விவரமே தெரியும். 1976 நவம்பரில் எலன் கார்பிக்கு நிஜமாகவே பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டதாம். வேறு நடிகையைப் போடாமல் காத்திருந்து, 1978 மார்ச்சில் அவரையே மறுபடி நடிக்க வைத்தார்கள். கதையிலும் பாட்டிக்குப் பக்கவாதம் என்றே வைத்துவிட்டார்கள். பேச வராத பாட்டி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறார். எல்லாருக்கும் சந்தோஷம். ஆளுக்கு ஆள் தாங்குகிறார்கள். சமையலறையில் கை வைக்கப் போனால், "நீங்கள் உட்காருங்கள்" என்று விலக்குகிறார்கள். பாட்டியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடுகிறது. இத்தனை பேர் இருந்தும் இந்த வீட்டுக்கு நான் வேண்டாதவளாகிவிட்டேனே என்ற அந்தப் பார்வை இருக்கிறதே... நடிப்பு இல்லை, நிஜம். அது அப்படியே என் அம்மாவின் பார்வை!

தாத்தாவாக நடித்த வில் கீர் அடுத்த மாதமே, 1978 ஏப்ரலில் இறந்துவிட்டார் என்றும் சொன்னார்கள். தொடரிலும் தாத்தா இறந்ததாக வைத்து அந்த மலையிலேயே அடக்கம் செய்துவிட்டார்களாம். பாட்டி மட்டும் அதன் பிறகும் நடித்தார், ஒரு வார்த்தை இரண்டு வார்த்தை வசனத்தோடு.

படம் முடிந்ததும் யாரும் பேசவில்லை. பக்கத்து வீட்டம்மா என்னைப் பார்த்து, "உன் அம்மா வீட்டில் என்ன வேலை செய்வார்?" என்று மட்டும் கேட்டார்.

இங்கே ராத்திரி ஒன்பதரை என்றால் நம் ஊரில் மறுநாள் காலை எட்டு மணி. அங்கிருந்தபடியே போன் போட்டேன்.

"மதினி, அம்மாவுக்கு ஏதாச்சும் வேலை கொடுங்க."

"என்ன நீ இப்படிச் சொல்ற? முடியாம கெடக்குற மாமியார வேலை வாங்குறான்னு ஊர்ல என்னைத்தானே காறித் துப்புவாங்க?"

நியாயமான பேச்சுதானே! நல்ல பெயரோடு ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்வது அவ்வளவு லேசா? "ஊர் கேட்டா நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க மதினி. டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்று கெஞ்சினேன். இரண்டு நாள் கழித்து டாக்டரைக் கேட்டிருக்கிறார். "தாராளமா செய்யட்டும், கைக்கும் நல்லது" என்றாராம் அவர்.

மதினி சமையலறை வாசலில் நாற்காலி போட்டு அம்மாவை உட்காரவைத்து, மடியில் ஒரு முறத்தில் உளுந்தைக் கொட்டி, "அத்தை, கல்லு பொறுக்கித் தாங்க. எனக்குக் கண்ணு தெரிய மாட்டேங்குது" என்றிருக்கிறார். அம்மா இடது கையால் ஒரு மணி நேரம் பொறுக்கினாராம். அன்றைக்குக் கேட்டு வாங்கி இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டாராம். மதினி போனில் சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை சகோதரிகளே. அம்மாவின் வலது கை இன்னும் சரியாக வரவில்லை. பேச்சும் ஏழெட்டு வார்த்தைதான். ஆனால் 2024 பொங்கலுக்கு வலது கையால் மொச்சையை அமுக்கிப் பிடித்து, இடது கையால் உரித்துவிட்டார். குழம்பை வாயில் வைத்துப் பார்த்து மதினியை முறைத்தாராம். உப்பு கம்மி! "என் மாமியார் திரும்பி வந்துட்டாங்க" என்று மதினி சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்புக்கு விலையே கிடையாது.

வால்டன்ஸ் கதை ஒவ்வொன்றும் ஒரே மாதிரிதான் முடியும். வீட்டில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும். இருட்டில் ஆளுக்கு ஆள் பெயர் சொல்லி 'குட் நைட்' சொல்லிக்கொள்வார்கள். யாரையும் விட்டுவிடாமல், பாட்டி உட்பட. இப்போது நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் தூங்கப்போகும் முன் அருப்புக்கோட்டைக்குப் போன் போட்டு வரிசையாக அம்மாவுக்கு 'குட் நைட்' சொல்கிறோம். அங்கே அப்போதுதான் பொழுது விடிந்திருக்கும். அம்மா ஒரு பக்கமாகச் சிரித்து, "டீ... டீ" என்பார். 'லூசாடி நீங்கள், இப்போதுதான் டீ குடித்தேன்' என்று அர்த்தம்.

போன கிறிஸ்துமஸுக்கு இரண்டு பங்கு முறுக்கு சுட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர்கள் வழக்கம்போல எந்த அம்மா உசத்தி என்று சண்டை போட்டார்கள். நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. எனக்குப் பாட்டி போதும்.

உங்கள் வீட்டிலும் கட்டிலில் யாராவது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு, முறத்தில் ஒரு பிடி உளுந்து கொடுத்துப் பாருங்கள்.

- ஒரு வாசகி, ரிச்மண்ட்.