ஒரே பெயரில் இரண்டு கார்

விளம்பரத்தில் பார்த்த காருக்கும் வீட்டு வாசலில் வந்து நிற்கும் காருக்கும் பெயர் ஒன்றாகவே இருக்கும். கார் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஹூண்டாய் ஐ20-ஐ எடுத்துக்கொள்வோம். 1.2 லிட்டர் மேனுவல் வண்டியின் சக்தி 83 பி.எஸ். அதே உடலில் வரும் ‘என் லைன்’ (N Line) வேரியன்ட், 1 லிட்டர் டர்போ இன்ஜினில் 120 பி.எஸ். தருகிறது, சஸ்பென்ஷன் இறுக்கமும் சைலன்சர் சத்தமும் கூடுதல். ஃபோக்ஸ்வாகன் விர்டஸில் 1 லிட்டர் என்றால் 115 பி.எஸ்., 1.5 லிட்டர் என்றால் 150. குடும்பக் காரும் வேகக் காரும் ஒரே கூரையின் கீழ் குடியிருக்கும் காலம் இது. ஆரம்ப விலை ஒரு வேரியன்டுக்கு, மைலேஜ் இன்னொன்றுக்கு, வேகம் மூன்றாவதற்கு என்று கலந்து சொல்லப்படும்போது ஏமாறுவது எளிது.

பாதுகாப்பில்தான் இந்தக் கலப்பு ஆபத்தானது. 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியக் கார்களை முதன்முதலாக மோதவிட்டுப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. இரண்டு ஏர்பேக் வைத்த போலோ நான்கு நட்சத்திரம் வாங்கியது. விதிமுறை மாறினாலும் கதை மாறும்: 2018-இல் இரண்டு நட்சத்திரம் பெற்ற மாருதி ஸ்விஃப்ட், விதிகள் கடுமையான பிறகு 2022-இல் ஒன்றோடு நின்றது. ஆகவே “ஃபைவ் ஸ்டார் வண்டி சார்” என்று சேல்ஸ்மேன் சொன்னால், எந்த அமைப்பின் சோதனை, எந்த ஆண்டு, எந்த வேரியன்ட் என்று கேளுங்கள். இந்தியாவின் சொந்த மோதல் சோதனைத் திட்டமாக 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப்பில் முன்பக்க மோதல் மணிக்கு 64 கிலோமீட்டரில் நடக்கிறது. 150 பி.எஸ். வண்டியை நாற்கரச் சாலையில் 120-இல் விரட்டுகிறவருக்கு அந்த நட்சத்திரங்கள் எந்த உறுதியும் தரவில்லை.

விலையிலும் எதிர்பாராத திருப்பங்கள் உண்டு. வேகக் கார் என்றால் எல்லாமே அதிகம் என்று நினைக்கிறோம். மூன்றாம் நபர் காப்பீடோ இன்ஜின் கொள்ளளவைத்தான் பார்க்கிறது. 2022-இல் அறிவித்த கட்டணப்படி, புதுக் காருக்கு மூன்று ஆண்டுக்கு 1000 சி.சி. வரை 6,521 ரூபாய், 1500 சி.சி. வரை 10,640. அதனால் 998 சி.சி. டர்போ வண்டிக்கு, சாதுவான 1.2 லிட்டரைவிடக் குறைவு! தமிழ்நாட்டு ஆயுள் வரியில் கதை வேறு. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.9 லட்சத்திலிருந்து 10.1 லட்சத்துக்கு ஒரு வேரியன்ட் ஏறினால், 20,000 ரூபாய் கூடுதல் விலைக்கு 53,000 ரூபாய்க்கு மேல் கூடுதல் வரி. ஆன்-ரோடு விலையைப் பிரித்து எழுதிய கொட்டேஷனை, வேரியன்டின் முழுப் பெயரோடு, புக்கிங் பணம் கட்டுவதற்கு முன்பே வாங்குங்கள். காப்பீட்டை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

வாங்கிய பிறகு இன்ஜினை ‘ரீமேப்’ செய்து சக்தி ஏற்றுவது இளைஞர்களிடம் பெருகிவருகிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கையில் எடுக்கும் ஆயுதம் இதுவாக இருக்கலாம். வாரண்டியும் போகும்.

சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றாலோ, வண்டியில் தயாரிப்புக் குறை என்றாலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். தீரவில்லையெனில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய எந்தக் காருக்கும் அங்கேயே வழக்குப் போடலாம். ஷோரூம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 20 லட்சம் வரை அதிகபட்சம் 400 ரூபாய்தான். கார் கம்பெனியை எதிர்த்து ஜெயிக்க முடியுமா என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது. விபத்தில் ஏர்பேக் திறக்காத ஒரு க்ரெட்டா வழக்கில், மோதலின் விசை போதவில்லை என்று ஹூண்டாய் வாதிட்டது. விசையைக் கணக்கிட நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்கத் தேவையில்லை என்று சொன்ன உச்ச நீதிமன்றம், இழப்பீட்டையும் மாற்று வண்டியையும் வழங்கிய உத்தரவை 2022 ஏப்ரலில் உறுதிசெய்தது. ஒரே குறை பல வண்டிகளில் இருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவின்கீழ் அவற்றைத் திரும்பப் பெறும்படி மத்திய அரசே உத்தரவிட முடியும்.

காலக்கெடு மட்டும் கறாரானது. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. தாமதித்தால் தக்க காரணம் காட்டி ஆணையத்தைச் சம்மதிக்க வைக்க வேண்டும். “அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்” என்று சர்வீஸ் சென்டர் தள்ளிப்போடும் ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு ஆண்டில்தான் கழிகிறது. குறையைச் சொன்னபடியே ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள்.