மலை நகர்கிறது... மூட்டை கட்டுங்கள்!

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் பஸ். பர்லியாறு தாண்டி ஒரு வளைவில் போர்டு. 'பாறை விழும் பகுதி. கவனமாகச் செல்லவும்.' எப்படி சாமி கவனமாகச் செல்வது? மேலே பார்த்தால் ரோடு தெரியாது. ரோட்டைப் பார்த்தால் பாறை தெரியாது. கண்டக்டரிடமே கேட்டுவிட்டேன்.

"விழுந்தா தெரிஞ்சுருமுங்க" என்றார் சர்வசாதாரணமாக.

விழுவதற்கு முன்னால் தெரியுமா? இந்தக் கேள்வி ஊர் திரும்பியும் என்னை விடவில்லை. தேடிப் படித்தேன். தெரியும் என்று சாட்சி சொல்ல சுவிட்சர்லாந்தில் ஒரு கிராமமே இருக்கிறது.

பெயர் பிரியன்ஸ். ஹனிமூன் பாக்கேஜில் காட்டுவார்களே, ஏரிக்கரை பிரியன்ஸ், அது வேறு. இது கிழக்கே, அல்புலா பள்ளத்தாக்கில் இருக்கும் குட்டி ஊர். நூறு பேர்கூட இல்லை. 2023 வாக்கில் ஊர் உட்கார்ந்திருக்கும் மண்ணே வருஷத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் கீழே நழுவிக்கொண்டிருந்தது. ஊருக்குத் தலைக்கு மேலே செங்குத்தாக ஒரு பாறைச் சரிவு. அதுவும் நகர்கிறது.

செங்குத்துச் சரிவில் யார் ஏறி டேப் பிடிப்பது? பிடிக்கிறவன் தலையிலேயே விழும். அதனால் எல்லாம் தூரத்திலிருந்துதான். எதிர்ப்பக்கம் ஒரு ரேடாரை நிறுத்திவிடுகிறார்கள். அது அலையை அனுப்பி, பாறையில் பட்டுத் திரும்புவதை வாங்கிக்கொள்ளும். போன தடவை திரும்பிய அலைக்கும் இந்தத் தடவை திரும்பிய அலைக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தால் போதும், பாறை இத்தனை மில்லிமீட்டர் முன்னால் வந்திருக்கிறது என்று சொல்லிவிடும். ராத்திரி, பனிமூட்டம் எதுவும் அதற்குப் பொருட்டில்லை. இது தவிர லேசர். சரிவு முழுக்க லட்சக்கணக்கான புள்ளிகளாக அளந்து வைத்துக்கொண்டு, அடுத்த மாசம் மறுபடி அளந்து ஒப்பிட்டால், எந்தக் கல் காணாமல் போனது, எந்த விரிசல் அகலமானது என்பது அம்பலம்.

சரி, நகர்கிறது. எப்போது விழும்?

இங்கேதான் என் பி.காம். முதல் முறையாக உபயோகப்பட்டது! ஃபுக்குசோனோ என்ற ஜப்பானியர் செயற்கைச் சரிவு கட்டி, அதன்மேல் செயற்கை மழை பெய்ய வைத்து, சரிய விட்டுப் பார்த்தார். 1985-ல் அவர் சொன்ன வழி இது. வேகத்தைப் பார்க்காதே, ஒன்றை வேகத்தால் வகுத்துப் பார். என் கற்பனைக் கணக்கு ஒன்று. பாறை முதல் நாள் 2 சென்டிமீட்டர் நகர்கிறது. அடுத்தடுத்த நாள் 2.5, 3.3, 5, 10. தலை சுற்றுகிறதா? வகுத்துப் பாருங்கள். 0.5, 0.4, 0.3, 0.2, 0.1. அட, நம்ம ஸ்ட்ரெயிட் லைன் டிப்ரிசியேஷன்! புத்தக மதிப்பு பூஜ்யமாகிற நாள்தான் மலை விழுகிற நாள்.

நிஜ மலை காமர்ஸ் படித்ததில்லை. மழை பெய்தால் ஓடும், காய்ந்தால் படுத்துக்கொள்ளும். அந்தக் கோடு வளையும், நெளியும். ஆனாலும் ஒரு அதிகாரி அதைப் பார்த்துத்தான் 'ஊரைக் காலி செய்' என்று கையெழுத்துப் போட வேண்டும். சீக்கிரம் போட்டு மலை விழாவிட்டால் ஊரே திட்டும். தாமதித்தால்... சொல்ல வேண்டியதில்லை. அந்த நாற்காலி எனக்கு வேண்டாமப்பா.

பிரியன்ஸில் கையெழுத்து விழுந்தது. 2023 மே 12 மாலைக்குள் எல்லோரும் வெளியே. மாடுகளும்தான். சில வாரங்களில் விழும் என்றார்கள். மே போனது. ஜூன் பிறந்தது. மலை அப்படியே நின்றது. சொந்த வீட்டைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு ஒரு மாசத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும்? நானாக இருந்தால் மூன்றாவது வாரமே சண்டைக்குப் போயிருப்பேன்.

ஜூன் 15 ராத்திரி, நள்ளிரவை நெருங்கும்போது விழுந்தது. சுமார் 12 லட்சம் கன மீட்டர். லாரிக்கு 10 என்று போட்டால் 1,20,000 லோடு! ரோட்டை மூடி, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஜூலையில் வீடு திரும்பினார்கள். 2024 நவம்பரில் மறுபடி 'காலி செய்' உத்தரவு. அதே பெட்டி, அதே படுக்கை.

எப்போதும் இப்படி முடிவதில்லை. அதே நாட்டில் பிஸ் செங்காலோ என்ற மலை அசைவது ரேடாரில் முன்பே தெரிந்த விஷயம். 2017 ஆகஸ்ட் 23 அன்று சுமார் 30 லட்சம் கன மீட்டர் சரிந்தபோது, அடிவாரத்து போண்டோ கிராமத்து மக்கள் தப்பினார்கள். மலைப்பாதையில் நடந்துகொண்டிருந்த 8 பேர் போய்விட்டார்கள். அளந்தது பொய்யில்லை. பாதை திறந்திருந்தது.

2025 மே மாதம் பிளாட்டன். சுமார் 300 பேரை 19-ஆம் தேதி கிளப்பினார்கள். ஒரு பசுவை ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுத் தூக்கிப் போன போட்டோ உலகமெல்லாம் வந்தது. சிரித்தோம். 28-ஆம் தேதி பனியாறும் பாறையும் சேர்ந்து இறங்கி ஊரில் பெரும்பகுதியை மூடிவிட்டது. இறந்தவர் ஒருவர். ஒன்பது நாள் முந்தியிராவிட்டால் எண்ணிக்கை என்னவாகியிருக்கும்?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த வித்தையெல்லாம் மெதுவாக நகரும் பெரிய சரிவுக்குத்தான் சரிப்படும். ஒற்றைக் கல் முன்னறிவிப்புக் கொடுப்பதில்லை. ஒரு மழை, ஒரு வேர், அவ்வளவுதான். அதற்கு நாள் குறிக்க முடியாது. லேசரிலும் டிரோன் போட்டோவிலும் ஆட்டம் கண்ட கல் எது, விழுந்தால் எங்கே உருளும் என்று கண்டுபிடித்து, கம்பி வலை கட்டலாம். அல்லது நாமே முந்திக்கொண்டு தள்ளிவிடலாம்.

போன மாசம் மறுபடி குன்னூர் பஸ். அதே வளைவு, அதே போர்டு. இந்தத் தடவை ஜன்னலில் தலையைச் சாய்த்து மேலே பார்த்தேன். ஆட்டோ சைஸில் ஒரு கல். அதன் அடியில் விரிசல். விரிசலுக்குள் பச்சையாக ஒரு அரசங்கன்று.

"ஏனுங்க, அந்தக் கல்லு எத்தனை நாளா அப்படி இருக்கு?" என்றேன் கண்டக்டரிடம்.

"எதுங்க, அதுவா? நான் சர்வீஸ்ல சேர்ந்ததுல இருந்து அங்கயேதானுங்க இருக்குது!"