முதல் கீமோவுக்கு முன்னால் கேட்க வேண்டியது

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அவசரமில்லாமல் சொல்கிறேன். பெண் குழந்தைக்கு வாழ்நாள் முழுமைக்குமான கருமுட்டைகள் பிறக்கும்போதே சினைப்பையில் இருக்கின்றன. பிறகு புதிதாக உருவாவதில்லை. சைக்ளோபாஸ்பமைடு போன்ற கீமோ மருந்துகளும், அடிவயிற்றுக்குக் கொடுக்கும் கதிர்வீச்சும் அந்த இருப்பைக் கரைத்துவிடும். புற்றுநோய் குணமான இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுபோவது இப்படித்தான்.

கருமுட்டையை எடுத்து உறையவைக்கலாமே என்பீர்கள். செய்யலாம். ஆனால் அதற்குச் சுமார் இரண்டு வாரம் ஊசி போட்டு முட்டைகளை வளர்க்க வேண்டும். சில புற்றுநோய்கள் அதுவரை பொறுக்காது. வயதுக்கு வராத சிறுமிக்கு அந்த வழியே இல்லை. அங்கேதான் சினைப்பைத் திசுவை உறையவைக்கும் முறை கைகொடுக்கிறது.

கொய்யாவில் விதைகள் நடுவில் இருக்கும். சினைப்பையிலோ முதிராத முட்டைகள் மேல்தோலை ஒட்டிய மெல்லிய அடுக்கில் இருக்கின்றன. சிறு துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபி மூலம் ஒரு சினைப்பையையோ அதில் ஒரு பகுதியையோ எடுத்து, அந்த அடுக்கை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள துண்டுகளாக்கி, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைக்கிறார்கள். சில நாட்களில் சிகிச்சையைத் தொடங்கிவிடலாம். நோய் குணமாகி, அவள் குழந்தை வேண்டும் என்று நினைக்கும் காலத்தில், துண்டுகளை உருக்கி உடலுக்குள்ளேயே திரும்பப் பொருத்துவார்கள். பெரும்பாலும் நான்கைந்து மாதங்களில் திசு வேலைசெய்யத் தொடங்கும். ஐ.வி.எஃப் இல்லாமல் இயல்பாகவே கருத்தரித்தவர்களும் உண்டு.

பெல்ஜியத்தில் 1997-இல் ஹாட்ஜ்கின் என்ற புற்றுநோய் வந்த ஒரு பெண்ணுக்கு, கீமோவுக்கு முன் டாக்டர் ஜாக் டோனெஸின் குழு திசுவை எடுத்துவைத்தது. அதற்கு முன் விலங்குகளிடம்தான் இது பலித்திருந்தது. இம்முறையில் மனிதக் குழந்தை எதுவும் பிறந்திருக்கவில்லை. ஆனாலும் எடுத்துவைத்தார்கள். 2004-இல் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்த முன்யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. இன்று உலகெங்கும் 200-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இப்படிப் பிறந்திருக்கிறார்கள். 2019-இல் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம், இதை இனிப் பரிசோதனை முறையாகக் கருத வேண்டாம் என்று அறிவித்தது.

எல்லோருக்கும் பொருந்துமா? இல்லை. ரத்தப் புற்றுநோயில், எடுத்துவைத்த திசுவிலேயே நோயணுக்கள் ஒளிந்திருக்கலாம். திரும்பப் பொருத்துவது ஆபத்து. வயது முப்பத்தைந்தைத் தாண்டினால் முட்டை இருப்பு குறைந்துவிடுவதால் பொதுவாக இதைப் பரிந்துரைப்பதில்லை. குழந்தை நிச்சயம் என்று எவராலும் வாக்குக் கொடுக்கவும் முடியாது.

நம் வீடுகளில் தடையாக நிற்பது பெரும்பாலும் கூச்சம். கல்யாணமாகாத பெண்ணைப் பற்றி இதையெல்லாம் டாக்டரிடம் எப்படிக் கேட்பது என்று அம்மா தயங்குவார், அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். தயவுசெய்து கேளுங்கள். புற்றுநோய் மருத்துவர் தானாகச் சொல்லாவிட்டாலும், முதல் கீமோ ஏறுவதற்கு முன்பே கேளுங்கள்.